கையில எழுதிச் சொல்லுங்க

அவளிடம் அடி வாங்கியவர்களில் ஒருத்தி ரொம்ப நல்ல மனுஷி. புலாவ் செபாங்கில் பாசார் மாலம் என்கிற ராத்திரிச் சந்தையில், ரோட்டோரம் வெள்ளைக் குச்சியோடு நின்றவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் விட்டிருக்கிறாள். இவளோ ரோட்டைத் தாண்டுவதற்காக நிற்கவே இல்லை. கடை பாய் பழம் வாங்கிக்கொண்டு வரட்டும் என்று நின்றிருந்தாள். கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. யாரோ ஒரு கை இழுக்கிறது, லோரி போகிற காற்று முகத்தில் அடிக்கிறது. எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், ஒன்றும் தெரியாது. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் அந்த மனுஷியின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"யாரு நீ? எதுக்கு இழுக்குற? என் கைய நீ புடிக்காத. உன் கைய நான் புடிச்சுக்குறேன்!"

பாசாரே திரும்பிப் பார்த்ததாம். பாய் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தார். மறுநாள் கடையில் அதைச் சொல்லிவிட்டு, "பாவம்க்கா, நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்கு" என்றார். நல்ல எண்ணமாவது மண்ணாவது. உங்களை இரண்டு கண்ணையும் கட்டிக் காதையும் அடைத்து யாராவது இழுத்துக்கொண்டு போனால் சும்மா விடுவீர்களா? நானாக இருந்தால் இன்னொன்று சேர்த்து வைத்திருப்பேன்.

எனக்கு அப்போது ரயில் ஸ்டேசன் பக்கத்தில் டோபி கடை இருந்தது. தஞ்சோங் கிளிங் பக்கத்து ஹோட்டல்களின் பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் லோரியில் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, காயவைத்து, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் அங்கே மடிப்பு மேசைக்காரி. பேரைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அவள் பேரைப் போட்டு ஊரெல்லாம் போனில் அனுப்பினார்கள். அந்தக் கதை பின்னால் வருகிறது. பேர் பட்ட பாடு அதுவே போதும்.

பாய் என்று நான் சொல்வது எங்கள் பக்கத்துக் கடைக்காரரை. மளிகைக் கடை, அவர் அத்தா காலத்திலிருந்து அதே வரிசைதான். கடைக்குப் பின்னால் ஒரு அறை அவருடையது. அதைத்தான் அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "அக்கா, ஒரு ஆளு இருக்கு, கண்ணு தெரியாது, காது கேக்காது. வேலைக்கு வச்சுக்குறீங்களா?" என்றார்.

"என்ன வேல தெரியும்?"

"அத அதுகிட்டயே கேளுங்க."

"காது கேக்காதுங்குறீங்க, எப்படி பாய் கேக்குறது? வெளாடுறீங்களா?"

அவர் அவள் உள்ளங்கையைத் திருப்பி, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டினார். எழுத்துக்கு எழுத்து அவள் தலையை ஆட்டினாள். நானும் எழுதினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "வேலை" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினேன்.

"வேலைன்னு எழுதுறீங்க. என்ன வேல? எத்தன மணிக்கு? யாரு பக்கத்துல நிக்கிறது? முழுசா எழுதுங்கக்கா, பாதி சொல்லிட்டு நிப்பாட்டாதீங்க!"

அடேயப்பா, அந்தக் குரல்! ஏற்றம் இறக்கம் ஒன்றும் கிடையாது, ஒரே உயரம். பிறக்கும்போதே காது மந்தம். பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியார் வாயைப் பார்த்தே எழுத்தெல்லாம் படித்துக்கொண்டாள். பெரியவளானதும் காது முழுசாக அடைத்துவிட்டது. கல்யாணப் பேச்சு எடுக்கிற வயசில் கண்ணும் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்தது. இரண்டும் ஒரே வியாதிதான் என்று டாக்டர் சொன்னாராம். கோலாலம்பூரில் ஓர் இடத்தில் தங்கி, குச்சி பிடித்து நடக்கவும் தனியாகச் சமைக்கவும் கற்றுக்கொண்டு வந்தவள். அம்மா செத்தபிறகு, அலோர் காஜாவில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போகாமல், தனியாக இருப்பேன் என்று ஒரே பிடி.

அந்தக் குரலால் நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. அவள் ரகசியம் என்று நினைத்துச் சொல்வது ஸ்டேசன்வரை கேட்கும். ஒரு தடவை ஹோட்டல் மேனேஜர் கடைக்கு வந்து பக்கத்தில் நின்றார். "அக்கா, பக்கத்துல யாரு? இந்த ஆளு இன்னிக்குக் குளிக்கவே இல்லலா!" என்றாள். நல்லவேளை, அவர் சீனர். தமிழ் தெரியாது. என் கடையில் நின்ற மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் "சத்தம் குறை" என்று அர்த்தம். தட்டினால் உடனே குறைப்பாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி ஏறிவிடும்.

வேலையில் என்னவோ மாயக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் மெதுவு, ரொம்ப மெதுவு. நானே வாய்க்குள் முணுமுணுத்திருக்கிறேன். பெட்ஷீட்டின் தையல் ஓரத்தைத் தேடிப் பிடித்து, மூலையை மூலையோடு சேர்த்து, தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு மடிப்பாள். ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஆனால் கறையைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியுமா? கறிக் குழம்பு, மைலோ பானம், இன்னும் என்னென்னவோ அப்படியே இருக்க, அவள் அழகாக மடித்து அடுக்கிவிடுவாள். எங்களிடம் வேலை செய்த மலாய்க்கார அக்கா ஒருத்தி இருந்தாள், காக் என்று கூப்பிடுவோம், தங்கமான குணம். இவள் மனசு நோகக்கூடாது என்று, கறைபட்டதை இவள் அடுக்கிலிருந்து சத்தம் போடாமல் உருவி எடுத்துத் திரும்ப மெஷினில் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டாலும் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் அவள் தன் அடுக்கின்மேல் கை வைத்து உயரம் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என் அடுக்குல யாரு கை வச்சா?"

நான் கையில் எழுதினேன்: கறை இருந்துச்சு. எடுத்தோம்.

"எத்தன நாளா?"

ஆரம்பத்துலேர்ந்து, என்று எழுதினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவ்வளவுதான், வெடித்தாள். "நான் தப்பு செஞ்சா எனக்குத் தெரியணும்! திட்டணுமா, கையில எழுதித் திட்டுங்க. எல்லாரும் சேர்ந்து என்னை நல்லவளா வச்சிருந்தா நான் எப்பக்கா வேல கத்துக்குறது? நாளைக்கு வேணாம்னு அனுப்புறப்பகூட ஏன்னு எனக்குத் தெரியாதே!"

அதிலிருந்து காக் துணியை முதலில் வெளிச்சத்தில் பார்த்து, கறை இல்லாததை மட்டும் அவள் மேசையில் வைத்தாள். நானும் அவளைத் தாராளமாகத் திட்டினேன். ஆனால் கையில் எழுதித் திட்டுகிற கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. பாதி வரியிலேயே விரல் வலிக்கும், கோபம் போய்விடும். "என்னாக்கா, நிப்பாட்டிட்டீங்க? மிச்சத்தையும் திட்டுங்க" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். சிரிப்பு வந்துவிடும் எனக்கு.

எப்போதும் அதே பாட்டுதான். எனக்குத் தெரியணும். வெளியே மழையா? யார் கடைக்கு வந்தது? எல்லாரும் ஏன் சிரிச்சீங்க? மேசை அதிர்ந்துச்சே, என்ன விழுந்துச்சு? சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். சம்பளத்தை அண்ணன் பேருக்கு அனுப்பச் சொல்லி அண்ணன் போன் செய்தபோது அதையும் எழுதிச் சொன்னேன். "உழைக்கிறது நானு, கையில வாங்குறதும் நான்தான்" என்றாள். அத்தோடு முடிந்தது.

அவள் அறைக்கு ஒரு மணி வைத்திருந்தாள். பாய்க்குத் தெரிந்த வயர்மேன் செய்து கொடுத்தது. வெளியே மணியை அழுத்தினால் உள்ளே மேசைக் காற்றாடி சுற்றும். காற்று மேலே பட்டதும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்துபோய்க் கதவைத் திறப்பாள். திறந்ததும் முதல் வேலையாக உள்ளங்கையை நீட்டுவாள். வந்தவர் அதில் பேரை எழுத வேண்டும். பேர் தெரியாமல் யாரையும் உள்ளே விடமாட்டாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு கூட்டம் அந்த மணியை அழுத்தியது. ஒரே மாதிரி சட்டை, கையில் பேனர், அரிசி, எண்ணெய், பிஸ்கட் டின். ஏழை எளியவர்களுக்கு உதவுகிறார்களாம். யார் இவளைக் காட்டிக் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. பாய் அப்போது பள்ளிவாசலில், நான் கடையில். நடந்ததை அவளும் சொன்னாள், பிறகு வீடியோவிலும் பார்த்தேன்.

கதவைத் திறந்தாள். வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினாள். முன்னால் நின்றவன் அந்தக் கையில் ஒரு பண நோட்டை வைத்தான்.

அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். மறுபடி கையை நீட்டினாள். "யாரு? பேரை எழுதுங்க!" இன்னொருத்தன் இன்னொரு நோட்டை வைத்தான். அதற்குள் மற்றவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். அந்தச் சின்ன அறையில் அத்தனை பேர். அவள்மீது இடிக்கிறார்கள், தோளைத் தொடுகிறார்கள், ஒருத்தி அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட வைக்கிறாள், போட்டோவுக்கு. அவள் குச்சியைத் தேடிக் கத்துகிறாள். "எத்தன பேரு? எதுக்கு வந்தீங்க? கையில எழுதிச் சொல்லுங்க!" எழுத எவனுக்குத் தெரியும்? எழுதச் சொல்கிறாள் என்றுகூட அந்த மரமண்டைகளுக்கு உறைக்கவில்லை. வீடியோவுக்குக் கீழே அவள் பேர், எங்கள் ஊர், அதோடு இப்படி ஒரு வரி: அண்ணன் கைவிட்டதால் பசியில் புத்தி கலங்கிப்போன சகோதரி. தமிழர்கள் பகிருங்கள்.

பகிர்ந்தார்கள். பகிராமல் இருப்பார்களா!

அடுத்த வாரம் அண்ணன் வந்து நின்றார். அலோர் காஜாவில் ஆபீஸ் வேலை, மரியாதையான மனுஷன். கடையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். "அக்கா, ஊரே காரித் துப்புது. எம் பொண்ணுக்கு இப்பத்தான் ஒரு நல்ல எடம் அமைஞ்சிருக்கு. மாப்பிள வீட்டுல அந்த வீடியோவப் பாத்துட்டு, சொந்தத் தங்கச்சியவே இப்படி விட்டவரான்னு கேக்குறாங்க. நான் என்னா செய்யிறது, சொல்லுங்க." அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எழுந்துபோய்த் தங்கச்சி கையில் தட்டுத்தடுமாறி எழுதினார். வீட்டுக்கு வா. பிள்ளைக்குப் பரிசம். ரெண்டு நாள்.

அவளுக்கு ஒரே சந்தோசம். அந்த அண்ணன் மகள்மேல் உயிர். சின்னதில் கையில் எழுதி விளையாடிய பிள்ளை. "அக்கா, ரெண்டு நாள் லீவு குடுங்க. திங்கக்கெழம மேசைக்கு வந்துருவேன்" என்று இரண்டு உடுப்பை எடுத்துக்கொண்டு, அண்ணன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை வரவில்லை. பரிசம் அடுத்த மாதம்தான் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் ஒருநாள் வேனில் வந்து ரைஸ் குக்கர், காற்றாடி, துணிமணி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனதாக பாய் வந்து சொன்னார். "ரூமை நான் யாருக்கும் விடலக்கா. சாவி எங்கிட்டதான் இருக்கு" என்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நல்லா இருக்காக்கா. வேளாவேளைக்குச் சாப்பாடு. இனிமே அவ எதுக்குக் கஷ்டப்படணும்?"

"அவகிட்ட சொன்னீங்களா? இனி அங்கதான்னு?"

"சொன்னா ஒத்துக்க மாட்டா."

"அதுக்குப் பேரு என்னா தம்பி?"

போனை வைத்துவிட்டார். நேரே போனேன். தூங்குகிறாள் என்று அண்ணி கேட்டைத் திறக்கவில்லை. யார் யாரிடமோ போய்க் கேட்டேன். கேட்ட இடமெல்லாம் ஒரே கேள்விதான்: நீங்க அவங்களுக்கு யாரு? டோபி கடைக்காரி என்றேன். அதற்குமேல் எவரும் பேசவில்லை.

கடைசியில் அந்தப் பெண்தான், அண்ணன் மகள், எனக்கு மெசேஜ் அனுப்பினாள். "ஆன்ட்டி, என் பரிசத்துக்குக் கண்டிப்பா வாங்க. அத்தை உங்களையே கேக்குறாங்க. நான் வேலைக்குப் போய்ட்டா அவங்க கையில எழுத ஆளே இல்ல. எப்ப போவேன்னு கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தைரியம் வரல."

நானும் பாயும் போனோம். வீட்டுக் கூடம் நிறைய ஆள். மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டுகளை வைத்துவிட்டு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இவளைப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைக் கொடுத்தேன். என் வளையலைத் தடவியதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான் எழுதினேன்: பரிசம் நடக்குது. ஆள் இருக்காங்க. அப்புறம் பேசலாம்.

தலையை ஆட்டினாள். பெரியவர் ஒருவர் எழுந்து இரண்டு குடும்பத்துப் பேரையும் சொல்ல ஆரம்பித்தார். அவளால் பொறுக்க முடியவில்லை. என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் காதுப் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. அண்ணன் என்னைப் பூட்டி வச்சிருக்கான். ரூமுக்கு வெளிய பூட்டு. பாத்ரூம் போகணும்னா தட்டிக்கிட்டே இருக்கேன், யாரும் வர்றாங்களா வரலையான்னுகூடத் தெரியல. ரெண்டு நாள்னு எழுதினான், பொய்யிக்கா. என் ரூம் இருக்கா, போச்சா? என் வேல இருக்கா, போச்சா?"

கூடம் முழுக்கக் கேட்டது. பெரியவர் பாதிப் பேரில் நின்றுவிட்டார். நான் அவள் மணிக்கட்டில் தட்டக் கையை உருவப் பார்த்தேன். உடும்புப் பிடி. கையை விடுவித்தபோது எல்லாம் சொல்லி முடித்திருந்தாள், பதிலுக்காக உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் எழுதினேன்: இருக்கு. ரெண்டும் இருக்கு.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அப்ப என்னைக் கூட்டிட்டுப் போங்கக்கா."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "இன்னொரு நல்ல நாள் பாத்து வர்றோம்" என்றார். அது எந்த நாள் என்று அங்கே இருந்த சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார்கள். அண்ணன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கூட்டிட்டுப் போயிருங்க. இனிமே அவ இந்த வீட்டு வாசப்படி மிதிக்க வேணாம்" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். கல்யாணப் பெண் அதே சேலையோடு வந்து, அத்தையைப் பாயின் காரில் ஏற்றினாள். அழுதுகொண்டே அவள் கையில் எழுதினாள். நான் பார்த்தேன். சந்தோசமா இருங்க அத்தை, என்று எழுதினாள். "நீயும் நல்லா இரும்மா" என்று இவள் கன்னத்தைத் தேடிப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

பழைய அறைக்கே வந்தாள். மறுநாளே மேசைக்கும் வந்துவிட்டாள். அன்று அவள் மடித்த மடிப்பைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு வேகம். கடை முழுக்க அவள் குரல்தான். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டாள். "அக்கா, பரிசம் நல்லா முடிஞ்சுச்சா? யாருமே சொல்லலியே. கல்யாணம் எந்த மாசம்? இப்பவே லீவு சொல்லி வச்சுக்குறேன்."

பாய் அப்போது கடையில் இருந்தார். "சொல்லாதீங்கக்கா. அல்லாவுக்காகச் சொல்லாதீங்க. தெரிஞ்சு என்னா செய்யப் போகுது அது?" என்று என் கையைப் பிடித்தார்.

"சொல்லாம விட்டா அவ அண்ணனுக்கும் நமக்கும் என்னா பாய் வித்தியாசம்?" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் கை வரவில்லை. அவள் உள்ளங்கை நீட்டியபடி இருந்தது.

பரிசம் நின்னு போச்சு, என்று எழுதினேன்.

"ஏன்?"

நீ பேசுனது எல்லாருக்கும் கேட்டுச்சு.

பாதி மடித்த பெட்ஷீட் அவள் தாடைக்குக் கீழே இடுக்கியபடியே இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மெஷின்கள் ஒரு சுற்று ஓடி நின்றன. அப்புறம் கேட்டாள். அந்த ஒரே உயரக் குரலில், வெளியே ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

"மெதுவாத்தானக்கா சொன்னேன்?"

இல்லை என்று எழுதினேன்.

வேலையை விடவில்லை, அறையையும் விடவில்லை. அண்ணன் மகள் ஒருமுறை கடைக்கே வந்து, உங்களால இல்ல அத்தை, என்று அவள் கையில் திரும்பத் திரும்ப எழுதிவிட்டுப் போனாள். இவள் தலையாட்டினாள். ஆனால் அந்த மத்தியானத்திலிருந்து அவள் பேசினால் உதடு மட்டும்தான் அசையும். வாயருகே காதை வைத்தால்கூட மெஷின் சத்தத்தில் ஒன்றும் பிடிபடாது. "சத்தமாப் பேசு, ஒண்ணும் கேக்கல" என்று எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன், திட்டியும் எழுதினேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி உதட்டைத்தான் அசைப்பாள். கடையை விற்கிற நாள்வரைக்கும் அவள் குரலை நான் கேட்கவில்லை.